பீலித்தண்ணியும் எஸ்.எம்.எஸ்.ஸும்: மலையகத்தில் ஐந்து நாள்

முதல் நாள், ஹட்டன்

காலை ஆறு மணிக்குக் கொழும்பில் ஏறிய பஸ் அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று களனி கங்கையை விட்டும் விடாமலும் ஓடி, கினிகத்தேனை ஏற்றத்தில் மூச்சு வாங்கி, மதியம் ஹட்டனில் இறக்கிவிட்டது. சின்ன வயதில் தீபாவளிக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இந்த ஏற்றத்தில் யன்னலோரம் உட்கார்ந்து நீர்வீழ்ச்சி எண்ணுவேன். இந்த முறை எண்ணியது செம்மண் தழும்பை. பச்சையாக இருக்க வேண்டிய மலையில் யாரோ நகத்தால் பிராண்டிய மாதிரி மேலிருந்து கீழே ஒரு கோடு. பதினெட்டோடு விட்டுவிட்டேன், பக்கத்து சீட் ஐயா என் தோளில் தூங்க ஆரம்பித்துவிட்டார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்பீர்கள். பிரதேச சபை, நகர சபைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. சோலைவரி, அதாவது வீட்டுவரி, கட்டுவது, தெரு விளக்கு எரியவில்லை என்று முறைப்பாடு போடுவது, குப்பை லொறி எப்போது வரும் என்று பார்ப்பது, அப்புறம் மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் பெருமையடித்துக்கொண்டு சேர்த்த ஒரு பகுதி: அவசர அறிவித்தல். மழை கூடினால் சபையில் ஒருவர் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். போய்விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவும் போனது. யாருக்குப் போனது, எப்படிப் போனது என்று பார்க்கத்தான் லீவு போட்டு வந்திருக்கிறேன். கம்பெனி அனுப்பவில்லை. சொந்தக் காசு.

ஹட்டனில் மழை. ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் மழை இல்லாவிட்டால்தான் செய்தி. லொட்ஜில் போர்வை ஈரமாக இருந்தது, ரொட்டியும் கட்டசம்பலும் சூடாக இருந்தது, கணக்கு சரியாகிவிட்டது.

இரண்டாம் நாள், சபை

ஹட்டனில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு சபை. பெயர் வேண்டாம், நண்பர் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாளைக்கும் அவர் வேலைக்குப் போக வேண்டும். அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் தண்ணீர் பவுசர் சாரதியின் நம்பர், மண் தோண்டும் பெக்கோ வைத்திருக்கும் மூன்று பேரின் நம்பர், மரம் அறுப்பவரின் நம்பர். "இதுதான் எங்க சேர்வர், கரண்ட் போனாலும் ஓடும்" என்றார். சிரித்தேன், ஆனால் குத்தியது.

கட்டமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கே இது குழப்பம். சுனாமிக்குப் பிறகு 2005-இல் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், அதன் அவசர இலக்கம் 117. மழை வரும் என்று சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம், ஆறு பெருகும் என்று சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம், மண் இறங்கும் என்று சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். இவர்கள் சொல்வது கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, வரும், அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கிராம சேவகர், அதாவது நாம் ஜி.எஸ். என்று கூப்பிடுகிறவர். நாட்டில் 14,022 கிராம சேவகர் பிரிவுகள். இந்த வரிசையில் பிரதேச சபை எங்கே என்று தேடிப்பாருங்கள். பெரிதாக இல்லை. ஆனால் பாதையில் மண் விழுந்தால் பெக்கோ அனுப்பச் சொல்வது சபையிடம், முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோவது சபையின் பவுசர், இறந்தவர்களைப் புதைக்க இடம் பார்த்துக் கொடுப்பதும் சபைதான். முன்னால் கேட்க மாட்டார்கள், பின்னால் விட மாட்டார்கள்.

அதுவும் டித்வா வந்தபோது சபைக்கு வயது ஆறு மாதம். 2018-இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2025 மே மாதத்தில்தான் நடந்தது, ஜூனில்தான் புது உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்கள்தான் எல்லாம். பாதி உறுப்பினர்களுக்கு வடிகால் எங்கே ஓடுகிறது என்று தெரிவதற்கு முன்பே புயல் வந்துவிட்டது என்றார் நண்பர்.

சரி, எங்கள் எஸ்.எம்.எஸ். கதைக்கு வருகிறேன். நண்பர் தன் போனில் பத்திரமாக வைத்திருந்தார், அந்த எச்சரிக்கை உடைந்து வந்த மூன்று துண்டுகளை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து வரை போகும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70தான். அந்த 70-உம் நாம் பள்ளிக்கூடத்தில் எண்ணுகிற மாதிரி கிடையாது. புள்ளி தனி, கொம்பு தனி, சுழி தனி. "மண்சரிவு" நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு எட்டு. எங்கள் கம்பெனி செய்து கொடுத்த மாதிரி வாசகம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்" என்று, மரியாதையாக. அந்தப் பெயருக்கே 30 போய்விட்டது. பிறகு மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, மட்டம், நேரம். "உடனே வெளியேறவும்" என்பது மூன்றாவது துண்டில் கடைசிச் சொல். முதல் இரண்டு துண்டும் ராத்திரி வந்திருக்கின்றன, டவர் விழுந்து எழும்பி மூன்றாவது வந்தது மறுநாள் மத்தியானம்.

அந்த வாசகத்தை எழுதியவன் நான். ஏசி அறையில் உட்கார்ந்து, பெயர் விடுபட்டால் யாராவது கோபிப்பார்கள் என்று பயந்து எழுதினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்பர்களை எங்கிருந்து எடுத்தோம்? சோலைவரிப் பட்டியலில் இருந்து. அது கைவசம் இருந்தது, சுத்தமாக இருந்தது. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் சோலைவரி கட்டுவதில்லையே. ஆக பஜாரில் மாடிவீட்டுக் கடைக்காரருக்கு எச்சரிக்கை போயிருக்கிறது, மலைச்சரிவில் லயத்தில் படுத்திருந்தவருக்குப் போகவில்லை. நண்பர் இதைச் சொன்னபோது நான் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்தைத் திறந்து காட்டினார். எங்கள் வரைபடம்தான். வீதிகள் எல்லாம் தோட்டத்துக் கேட்டு வரைக்கும் வந்து நின்றுவிடுகின்றன. உள்ளே சாம்பல் நிறம். இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது: 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு காரணமாகத் தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்றே நெடுங்காலம் இருந்தது. தோட்டத்து ஆட்கள் ஓட்டுப்போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அந்த உறுப்பினர் தன் லயத்து வாசலுக்கு ஒரு மூடை சீமெந்து கொண்டுவர முடியாது. 2018-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தியது சட்டத்தை, பதிவேட்டை இல்லை. வீதிப் பதிவேட்டில் இல்லாத பாதை எங்கள் வரைபடத்துக்கு எப்படி வரும்?

மூன்றாம் நாள், வழி

நாள் முழுக்க பஸ். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்கட்டைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தேன். வான்கதவு திறக்கும் முன்னால் சைரன் ஊதுவார்கள், கடைக்காரர் அந்தச் சத்தத்தை வாயால் ஊதியே காட்டினார். அதற்கு எந்த மொழியும் தேவையில்லை, எழுத்துக் கணக்கும் இல்லை.

கொத்மலை என்றதும் ஒரு ஞாபகம். அங்கே ஒரு சமூக வானொலி இருந்தது, 1999-இல் யுனெஸ்கோ உதவியோடு அதற்கு இணையத் தொடர்பு கொடுத்தார்கள். ஊர்ச் சனங்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, படித்து, வானொலியில் விளக்கிச் சொல்வார். வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டாம், ரேடியோ போதும். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே இந்த மலையில் யோசித்த விஷயம். நாங்கள் ஆப் செய்தோம்.

நுவரெலியாவில் குளிர், வெலிமடையில் வெயில். மலைக்கு இந்தப் பக்கம் வந்தால் மழையும் மாறிவிடும், இங்கே கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்புத்தளைக்கு இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தேன்.

நான்காம் நாள், சித்தி வீடு

பெரகலைச் சந்தியில் இறங்கி வெல்லவாய பஸ் ஏறி, கொஸ்லாந்தைக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்தில் இறங்கி, அப்புறம் நடை. சித்தி கொழுந்து மலையிலிருந்து வந்து இன்னும் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை, "என்னடா தம்பி, கறுத்துப் போயிட்ட" என்றார். நான் என்ன, அவர் எப்போது என்னைப் பார்த்தாலும் அதையேதான் சொல்வார்.

இந்த மலையில் யாரோடு மழையைப் பற்றிப் பேசினாலும் பேச்சு மீரியபெத்தைக்குப் போய்விடும். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், மேலிருந்து மண் வந்து லயன்களை அப்படியே மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிழைத்தார்கள், வீட்டில் இருந்தவர்கள் இல்லை. அந்த இடம் ஆபத்து, ஆட்களை மாற்றுங்கள் என்று 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தார்கள். அறிக்கை இருந்தது. அதைப் படித்தவர்கள் லயத்தில் இருக்கவில்லை, லயத்தில் இருந்தவர்கள் அதைப் படித்திருக்கவில்லை. சித்தியின் தோழி ஒருவர் அதில் போனார். சித்தி அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

டித்வா இரவைப் பற்றி மட்டும் முழுக்கச் சொன்னார். இரண்டு நாளாக விடாத மழை. கரண்ட் இல்லை, போன் செத்துவிட்டது. அந்த நாட்களில் தமிழில் எச்சரிக்கை வரவில்லை, வந்ததும் பிந்தி வந்தது என்று பிறகு எல்லோரும் எழுதினார்கள் அல்லவா, சித்திக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, எந்த மொழியிலும் வரவில்லை. வந்தது ஒன்றுதான்: போன் சாவதற்கு முன்னால் ஜி.எஸ். தோட்டத் தலைவரைக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு ஸ்கூலுக்குப் போங்கள் என்றாராம். அதற்கும் முன்பே சித்தி கிளம்பிவிட்டார். காரணம் பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்.

"பீலித்தண்ணி பால்தேத்தண்ணி மாதிரி வந்துச்சு. எத்தன மழை பேஞ்சாலும் இந்தப் பீலி கலங்காது. கொஞ்ச நேரத்துல நின்னே போச்சு. இவ்வளவு மழையில பீலி நின்னா என்ன அர்த்தம்?"

ஊற்று திடீரெனக் கலங்குவது, நிற்பது, புது இடத்தில் தண்ணீர் கிளம்புவது, தரையில் வெடிப்பு, மரம் சாய்வது, கதவு சட்டத்தில் இறுகுவது: மண்சரிவுக்கு முன்னால் மலை காட்டும் அடையாளங்கள் இவை. மீரியபெத்தைக்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம், சித்திக்கு அதில் பீலி மட்டும் மனதில் தங்கியது. ஓடிப்போய்க் கோயில் ஐயாவிடம் சொல்ல, தம்பி ஒருவன் தன் ஆட்டோ பேட்டரியைக் கழற்றி ஒலிபெருக்கிக்குக் கொடுக்க, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான பணியக்கணக்கு வரைக்கும் கேட்கும்படி கத்தியிருக்கிறார்கள். முன்பெல்லாம் விடியற்காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பத் தப்புப் பறை அடிப்பார்கள், அந்தக் காலத்து ஆள் ஒருவர் தப்பையும் எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போயிருக்கிறார். அன்றிரவு லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டுச் சுவரும் இரண்டு கக்கூசும் போயின. ஆள் போகவில்லை. நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் போன புயல் அது, பாதிக்கு மேல் மலை மாவட்டங்களில்.

முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய சந்தேகம் ஒன்று, இங்கே எழுதுகிறேன். மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு அளவில் வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் சிவப்பு. தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன, 1990களிலிருந்து வரைந்த அபாய வலய வரைபடங்கள் இருக்கின்றன, எல்லாம் நல்ல வேலை, நான் மதிக்கிற வேலை. ஆனால் ஒரு பிரிவுக்குள் எத்தனை மலை, எத்தனை பள்ளம். அந்தச் சிகரத்தில் கொட்டும்போது இந்தச் சரிவில் தூறும். வருடத்துக்குப் பத்துத் தடவை "உங்கள் பிரதேசம்" என்று மஞ்சள் வந்தால் ஒரு நாள் பெயர்க் காசை, அதாவது நாட்கூலியை, விட்டுவிட்டு யார் கிளம்புவார்?

அதற்கு ஒரு பதில் சித்தி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தங்கச்சியின் மகன், என் மருமகன், எட்டாம் வகுப்பு. சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியில் மேடு பள்ளமாக இருக்கும் பகுதியைச் சீமெந்து போட்டு மட்டமாக்கி, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டியிருக்கிறான். 75-இல் மஞ்சள் கோடு, 100-இல் செம்மஞ்சள், 150-இல் சிவப்பு. சிவப்பு மட்டும் அம்மாவின் நகப்பூச்சு. வெட்டிய வாயும் போத்தல் உடம்பும் ஒரே அகலம் என்றால் உள்ளே நிற்கும் உயரம்தான் மழையளவு, வேறு கணக்கு வேண்டாம். தோட்ட ஆபீசிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மழை அளக்கிறார்கள், ஆனால் அந்தப் புத்தகம் ஆபீசோடு சரி, அது கொழுந்துக் கணக்குக்கு. சித்திக்கு மில்லிமீற்றர் பிடிபடவில்லை, "மூணு இஞ்சி வந்தா மஞ்ச" என்று தன் கணக்கில் வைத்திருக்கிறார். அதுவும் சரிதான், 75 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட மூன்று அங்குலம்.

"சிவப்பு வந்தா எங்க போவீங்க சித்தி?"

"ஸ்கூலுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் இங்கதான்."

மண் ஆபத்து என்று கருவி சொல்லும், வேறு மண் எங்கே என்று சொல்லாது. தோட்ட நிலம் அரசாங்கத்துடையது, 1992-இல் கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது, ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் பிரித்துக் கொடுக்க எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். கூரைத் தகரத்தில் இரவு முழுக்கத் தூறல், நான் மட்டும் எழுந்து எழுந்து பார்த்தேன்.

ஐந்தாம் நாள், பாதை

காலையில் மருமகனோடு நடந்தேன், போனில் ஜி.பி.எஸ். ஓடவிட்டு. யாரும் சேர்த்து வரையக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தத் தோட்டம் ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான். பெரிய ரோட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து பத்தாம் நம்பர் லயம், அங்கிருந்து பலகைப் பாலம், பீலி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, ஸ்கூல். மரத்தடியில் ஜி.பி.எஸ். பிசகி, நாங்கள் தலைவர் வீட்டுக் கூரைமேல் நடந்ததாகக் காட்டியது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நடக்கும்போது ஒன்று சொன்னான். அந்த இரவில் யாரோ 117-க்கு எடுத்திருக்கிறார்கள், லைனும் கிடைத்திருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள், முகவரி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லலாம், டிவிஷனைச் சொல்லலாம், அதற்கு மேல்? லயத்து வீட்டுக்கு முகவரி ஏது, கடிதமே ஆபீசுக்குத்தான் வரும். "மேல இருக்கிற லயம்" என்றாராம். மேலே என்றால் எதற்கு மேலே.

மத்தியானம் கொழும்பு பஸ். பலாங்கொடை வரும்போது மடிக்கணினியைத் திறந்து அந்தப் பாதைகளை எங்கள் முறைமையிலும் போட்டுப் பார்த்தேன், சும்மா சோதனைக்கு. சேமிக்க விடவில்லை. "வீதியின் உரிமையாளர்" என்ற கட்டம் சிவப்பாக நின்றது, நிரப்பியே ஆக வேண்டிய கட்டம். தெரிவுகள் மூன்று: வீதி அபிவிருத்தி அதிகாரசபை, மாகாண சபை, பிரதேச சபை. தோட்டப் பாதை என்று ஒன்று இல்லை, "மற்றவை" கூட இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடக்கூடாது என்று வைத்தவனும் நான்தான், பதிவு சுத்தமாக இருக்கட்டும் என்று. நாலாவது தெரிவு ஒன்றைச் சேர்த்தேன், பத்து நிமிட வேலை. அது எல்லாச் சபைக்கும் போக என் மேலாளர் சம்மதிக்க வேண்டும், திங்கள் காலை கேட்கிறேன். எச்சரிக்கை வாசகத்தையும் மாற்றி நண்பருக்கு அனுப்பினேன், "வெளியேறுங்கள்" முதல் சொல், ஸ்கூல் பெயர் இரண்டாவது, நிறுவனத்தின் பெயர் கடைசியில், இடம் இருந்தால். மொத்தம் 58.

மருமகன் தினமும் காலை ஆறு மணிக்குப் போத்தலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதாக ஒப்பந்தம். இரத்தினபுரி தாண்டும்போது ஒரு செய்தி வந்தது, படம் இல்லாமல்.

"மாமா, ஆடு போத்தல தட்டி விட்டுருச்சு. நாளைக்குப் புது போத்தல். சிவப்பு கோடு போட அம்மா நகப்பூச்சு தரமாட்டாங்களாம், நீங்க சொல்லுங்க."